முயலுக்கு ஜன்னல் வைத்தவளுக்கு

இன்று பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் மருந்துக் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் ஒரு பெரியவர். வெயிலில் நடந்து வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. கடைக்காரரிடம், "தலை கிண்ணுனு கீதுப்பா. நாக்குக்கு அடியில உடற மாத்திர ஒண்ணு குடு. ஊசியால குத்திப் பிழிஞ்சி உடுவாங்களே, அது" என்றார்.

கடைக்காரர் சிரித்தார். "அத இப்ப யாரும் எழுதறதில்ல பெரியவரே. போய் டாக்டரப் பாருங்க."

"அரை மணியில பிரஷர எறக்கிடும்பா அது. நல்ல மருந்தா பாத்து நிறுத்திடறானுங்க" என்று முணுமுணுத்தபடி அவர் படியிறங்கிப் போனார்.

"டீச்சர், உங்களுக்கு இன்னா வேணும்?" என்று கடைக்காரர் இரண்டு முறை கேட்ட பிறகுதான் எனக்குக் காதில் விழுந்தது. எதற்காக வந்தேன் என்பது மறந்துவிட்டது. வெறுங்கையோடு வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். அந்தக் கடைக்காரர் சிரித்ததை உன்னிடம்தான் சொல்ல முடியும். வேறு யாரிடம் சொன்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று கேட்பார்கள்.

நான் சேத்துப்பட்டிலிருந்து ஆரணிக்கு மருமகளாக வந்தபோது நீ வேலூரில் மருத்துவக் கல்லூரியில் இருந்தாய். டாக்டருக்குப் படித்த நாத்தனார், பார்த்து நடந்துகொள் என்று என் வீட்டில் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். தலை தீபாவளிக்கு நீ வந்தபோது எதிர்வீட்டு அம்மாள் முழங்கால் வலியைத் தூக்கிக்கொண்டு உன்னிடம் வந்தார். நீ தயங்கித் தயங்கி, "நான் வைத்தியம் பாக்கற டாக்டர் இல்லீங்க, ஆராய்ச்சி பண்றேன்" என்றாய்.

"ஊசி போட மாட்டியா?"

"மாட்டேங்க."

"அப்ப இன்னாத்துக்கும்மா இத்தினி வருஷம் படிச்ச?"

தறிக்காரர்களுக்குப் பாவு நூல் பிரித்துக்கொண்டிருந்த உன் அண்ணன்தான் தலையை நிமிர்த்தாமலே பதில் சொன்னார். "என் தங்கச்சி முயலுக்கு ஜன்னல் வெக்கிறா. ஊசியெல்லாம் சின்ன வேல." எல்லோரும் சிரித்தோம். நீதான் அதிகம் சிரித்தாய்.

அது கேலி இல்லை, உண்மையே அதுதான் என்று உன் ஆய்வுக்கூடத்துக்கு வந்தபோது தெரிந்துகொண்டேன். மயக்கத்தில் கிடந்த முயலின் மண்டையோட்டில் பொட்டளவு எலும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கண்ணாடி பதித்திருந்தாய். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நீ என் தோளைப் பிடித்து நுண்ணோக்கியில் கண்ணை வைக்கச் சொன்னாய். சிவப்பாக, பட்டு இழையைவிட மெல்லிதாக, மூளையின் மேல் ஓடும் குழாய்கள். நீ ஏதோ ஒரு மருந்தை ஏற்றினாய். முயலின் இரத்த அழுத்தம் உயர்ந்தது. அந்தக் குழாய் என் கண் முன்னால் சுருங்கியது.

"பாத்தீங்களா அண்ணி? தானா சுருங்குது. அழுத்தம் ஏறுனா சுருங்கும், எறங்குனா விரியும். மூளைக்குப் போற ரத்தம் மட்டும் மாறக் கூடாது. யாரும் சொல்லிக் குடுக்கல அதுக்கு."

உன் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை.

உன் அண்ணனுக்குத் தலைவலி வருவது எங்களுக்குப் பழகிவிட்டிருந்தது. சாயங்காலமானால் கால் வீங்கும். நின்றுகொண்டே வேலை செய்தால் வீங்காதா என்பார். பக்கத்து ஊரான முள்ளிப்பட்டில் நான்கைந்து வீட்டுத் தறிகளுக்கு அவர்தான் பாவும் பட்டும் கொடுத்துச் சேலை வாங்கி வருவார். ஓயாமல் சைக்கிளில் அலைச்சல். "ஜல்தி, ஜல்தி, முகூர்த்தம் நெருங்கிகினு கீது" என்று எல்லோரையும் விரட்டிக்கொண்டே இருப்பார். முப்பத்தைந்து வயதுக்காரருக்கு இரத்தக் கொதிப்பு இருக்கும் என்று யார் நினைப்பார்கள்? உங்கள் அப்பா அந்த வயதில்தான் தலைவலி என்று படுத்துப் பிறகு எழுந்திருக்கவில்லை என்பதைக்கூட யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

அந்த ஆடி மாதம் எங்கள் குழந்தை செல்விக்கு இரண்டு வயது. ஒருநாள் மதியம் ஏழாம் வகுப்பில் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் வந்து, "அண்ணனுக்கு மூக்குல ரத்தம் வருதுங்க, டாக்டர்கிட்ட இட்டுகினு போயிருக்காங்க" என்றார். நான் ஓடியபோது உன் அண்ணன் டாக்டரின் அறையில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மூக்கில் பஞ்சு. அழுத்தம் இருநூற்று நாற்பது என்றார் டாக்டர். நம் தெருவில் பாதிப் பேருக்குக் காய்ச்சலும் பேதியும் குணமாக்கியவர் அவர். மேசை இழுப்பறையிலிருந்து செம்மஞ்சள் நிறக் குளிகை ஒன்றை எடுத்து ஊசியால் குத்தி, "நாக்கத் தூக்குப்பா" என்று பிழிந்துவிட்டார்.

அரை மணி நேரத்துக்குள் மறுபடி கையில் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது. "நார்மல் ஆயிடுச்சும்மா. பயப்படாதீங்க. ஊட்டுக்கு இட்டுகினு போங்க."

உன் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். எழுந்திருப்பதற்காக வலது கையை பெஞ்சில் ஊன்றினார். கை ஊன்றவில்லை. அவர் அதைக் குனிந்து பார்த்தார், வேறு யாருடைய கையோ தன் மடியில் கிடப்பதுபோல. என்னிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்தது. "என்னங்க, என்னங்க" என்று நான் கத்தியதும் டாக்டர் மறுபடி அழுத்தம் பார்த்தார். நார்மல்தான் என்றார். நார்மல்தானே இருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவரை ஆரணி ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு, நடந்ததை உனக்குப் போனில் சொன்னோம். சாயங்காலம் நீ பஸ்ஸில் வந்து சேர்ந்தாய். ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் என்னைக் கண்டதும் நீ முதலில் கேட்டது, "எவ்ளோ நேரத்துல இறங்கிச்சு அண்ணி?" என்றுதான். அண்ணன் எப்படி இருக்கிறார் என்று கேட்கவில்லை.

"அரை மணி" என்றேன்.

நீ அப்படியே தரையில் உட்கார்ந்தாய். மறுநாள் வேலூருக்கு அழைத்துப் போனோம். சிறுநீரகங்கள் இரண்டும் சுருங்கிப்போயிருக்கின்றன, வருஷக்கணக்காக அழுத்தம் உயர்ந்தே இருந்திருக்கிறது என்றார்கள். உங்கள் அப்பா வழியில் வந்த நோய்.

நீ எனக்கு எல்லாவற்றையும் சொல்ல ஒரு மாதத்துக்கு மேலாயிற்று. வார்டில் உன் அண்ணன் தூங்கிக்கொண்டிருந்தார். செல்வி என் மடியில்.

"அண்ணி, மாடி வீட்டு பைப்பு கணக்குதான். டேங்குல தண்ணி நெறைய இருந்தாத்தான் மாடிக்கு ஏறும். கொறைஞ்சா கீழ் வீட்ல தண்ணி வரும், மாடி பைப்புல காத்துதான் வரும். ரொம்ப நாளா பிரஷர் அதிகமா இருந்தவங்களுக்கு மூளைக் கொழா தடிச்சிப் போயிரும். அதுக்கு அந்த அழுத்தம் வேணும். சாதாரண ஆளுக்கு நார்மல்னு சொல்றது அவங்களுக்குப் பத்தாது. நாள் கணக்குல, வாரக் கணக்குல மெதுவா எறக்குனா கொழா பழகிக்கும். திடீர்னு எறக்குனா மூளை காஞ்சிரும்."

"இத நீ கண்டுபிடிச்சியா?"

நீ இல்லையென்று தலையாட்டினாய். "வெளிநாட்டுல எப்பவோ எழுதிட்டாங்க. எங்க லைப்ரரில கீது. நான் படிச்சிருக்கேன். முயல்ல செஞ்சும் பாத்திருக்கேன். ஆரணிக்கு மாசாமாசம் வந்துகினு இருந்தேனே அண்ணி, நம்ம ஊரு டாக்டர் ஒருத்தர்கிட்ட, ஒரே ஒருத்தர்கிட்ட இத நான் சொல்லல. சொல்லணும்னே தோணல. எனக்கு அது முயலோட விஷயம்."

ஒன்றரை மணி நேர பஸ் பயணம். அவ்வளவு தூரத்தில் இருந்திருக்கிறது உன் அண்ணனின் கையும் பேச்சும். நீ அழுவாய் என்று எதிர்பார்த்தேன். அழாமல் எழுந்து போய் அவருடைய மூத்திரப் பையில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்தாய்.

ஊரில் உறவுக்காரர்கள் கொதித்தார்கள். கிளினிக்கை அடித்து நொறுக்க வேண்டும் என்று ஒரு கூட்டம் வீட்டில் உட்கார்ந்திருந்தது. எனக்கும் அப்படித்தான் இருந்தது. நீ யாரையும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டு டாக்டரைப் பார்க்கக் கிளம்பினாய். நான் விடாமல் கூட வந்தேன், நீ அவரை நாலு வார்த்தை கேட்பாய் என்று.

அவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார். "நார்மலுக்கு வந்திச்சும்மா. நான்தான் பார்த்தேன். அப்புறம் எப்படி ஆச்சு? இருவது வருஷமா குடுத்துகினு இருக்கேன்."

"உக்காருங்க சார். நான் சண்டைக்கு வரல. நான் படிச்சப்பவும் அதத்தான் சொல்லிக் குடுத்தாங்க" என்றாய். பிறகு ஒரு காகிதத்தில் கோடு போட்டு அவருக்கு விளக்கினாய். மாடி பைப்பு கதை சொல்லவில்லை. டாக்டருக்கு டாக்டராகப் பேசினாய். அவர் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே நோயாளிகள் இருமிக்கொண்டிருந்தார்கள்.

"அப்ப... ரைஸ் மில்லுல ஒருத்தர்" என்று ஆரம்பித்து நிறுத்தினார். "ஊட்டுக்குப் போற வழியிலயே விழுந்தார்னாங்க. வெயில்னு நெனச்சேன்."

"சொல்லுங்க சார். அவருக்கு எவ்ளோ நேரத்துல இறங்கிச்சு?"

அவர் சொல்லச் சொல்ல நீ கேட்டுக்கொண்டே இருந்தாய். ரைஸ் மில்காரர், அப்புறம் ஒரு சாயப்பட்டறைக்காரர், ஒரு பெண். கடைசியில் அவர் இழுப்பறையைத் திறந்து அந்தக் குளிகை அட்டைகளை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு முகத்தை மூடிக்கொண்டார்.

தெருவில் இறங்கியதும் எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. "கூடப் பொறந்தவருக்கு ஆனது. நீ அந்த ஆளுக்கு ஆறுதல் சொல்லிகினு இருக்க."

"ஆறுதல் இல்ல அண்ணி. அவர் பயந்துட்டா பேச மாட்டார். பேசுனாத்தான் இன்னும் எத்தினி பேருன்னு எனக்குத் தெரியும்."

அன்றுதான் எனக்கு உன்னைக் கண்டு பயம் வந்தது. இவள் யாருக்காக அழுவாள் என்று நினைத்தபடி நடந்தேன்.

உன் அண்ணன் வீடு திரும்பினார். காலை இழுத்து இழுத்து நடந்தார். பேச்சு போனது போனதுதான், ஒரே ஒரு வார்த்தை தவிர. அது "ஜல்தி." பசித்தாலும் அதுதான், குழந்தையைக் கொஞ்சினாலும் அதுதான், இருட்டில் தனியாக அழும்போதும் அதுதான். எந்த வார்த்தையைச் சொல்லத் தொடங்கினாலும் வாயில் வந்து நிற்பது அது. ஊரையெல்லாம் விரட்டிய வார்த்தை ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறதே என்று வந்தவர்கள் சிரிப்பை அடக்கிக்கொள்வார்கள். செல்வி அதை அப்பாவின் பெயர் என்றே நினைத்து வளர்ந்தாள்.

நீ முயல்களை விட்டுவிட்டாய். நெற்றிப்பொட்டில் வைத்தால் மூளைக்குள் ஓடும் இரத்தத்தை அளக்கும் கருவி ஒன்று உங்கள் கல்லூரிக்கு வந்திருந்தது. அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் சேர்ந்திருப்பவர்களை வைத்து அளக்கப் போவதாகச் சொன்னாய். முதல் ஆளாக உன் அண்ணனை உட்கார வைத்தாய். குளிர்ந்த பசையைத் தடவி, பேனா போன்ற ஒன்றை வலது பொட்டில் வைத்தாய். பெட்டியிலிருந்து சத்தம் கிளம்பியது. ஷ்ஷூ, ஷ்ஷூ என்று, காற்றில் யாரோ ஈரத் துணியை உதறுவது போல. "இதான் அண்ணி, அண்ணன் மூளையில ஓடற ரத்தம்" என்றாய். நான் எழுந்து அருகில் வந்தேன். பேச்சில்லாத மனிதருக்குள்ளே இவ்வளவு சத்தமா என்றிருந்தது. பிறகு இடது பக்கம் வைத்தாய். அந்தச் சத்தம் வெகு தொலைவில் கேட்டது.

படுக்கச் சொன்னாய், உட்காரச் சொன்னாய், மூச்சைப் பிடிக்கச் சொன்னாய். அவர் உட்காரும்போது சத்தம் அடங்கிப் போய், மீண்டு வர நேரமாயிற்று. நீ மறுபடி படுக்கச் சொன்னாய். மறுபடி. அவர் இடது கையால் உன் கையைத் தட்டிவிட்டார். "இன்னும் ஒரே தடவ அண்ணா" என்றாய்.

"போதும். உங்க அண்ணன் உன் முயல் இல்ல" என்றேன்.

அங்கிருந்த எல்லோருக்கும் கேட்டது. நீ கருவியை அணைத்தாய். உன் முந்தானையால் அவர் பொட்டில் இருந்த பசையைத் துடைத்தாய். அதற்குப் பிறகு பல மாதங்கள் நீ ஆரணிக்கு வரவில்லை. அந்தச் சொல்லுக்காக நான் வருந்தியதில்லை. அன்று யாராவது அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

ஆனால் உன் அண்ணன் வேறு மாதிரி நினைத்திருந்தார். ஒருநாள் காலை சட்டையைத் தானே மாட்டிக்கொள்ள முயன்று தோற்று, என்னிடம் நீட்டினார். வாசலைக் காட்டினார். பொட்டில் விரலை வைத்துக் காட்டினார். "ஜல்தி" என்றார். எனக்குப் புரிந்தும் புரியாதது போல நின்றேன். "ஜல்தி, ஜல்தி" என்று கோபமாகச் சொன்னார். வேலூர் பஸ்ஸில் ஏறினோம். உன் ஆய்வுக்கூடத்தில் அவரே போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியை உன் பக்கம் திருப்பியபோதுதான், அண்ணன் விழுந்ததற்குப் பிறகு முதல் தடவையாக நீ அழுததைப் பார்த்தேன்.

அன்றிலிருந்து மாதம் ஒரு முறை போனோம். கண்ணமங்கலத்தில் பஸ் நிற்கும்போது அவருக்கு வடை வேண்டும். இல்லையென்றால் ஜல்தி, ஜல்தி என்று பஸ்ஸையே கூட்டிவிடுவார். நீயும் எங்களோடு சில சனிக்கிழமைகளில் திரும்பி வருவாய். அவரைப் போலப் பலரை அளந்து பார்த்து, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மூளை தன் இரத்தத்தைக் காத்துக்கொள்ளும் சக்தி இன்னும் குறைவு, அவர்களுக்கு அழுத்தத்தை இன்னும் மெதுவாக இறக்க வேண்டும் என்று நீ எழுதிய கட்டுரை மருத்துவப் பத்திரிகையிலிருந்து திரும்பி வந்தது. ஆட்கள் போதவில்லை, பெரும்பாலும் தெரிந்த விஷயம்தான் என்றார்களாம்.

"தெரிஞ்சதுதானாம் அண்ணி" என்று சொல்லி நீ சிரித்த சிரிப்பு நன்றாக இல்லை.

அதற்குப் பிறகுதான் நீ டாக்டர்களைத் தேடிப் போகத் தொடங்கினாய். விடுமுறை நாட்களில் ஆரணி, சேத்துப்பட்டு, போளூர் என்று கிளினிக் கிளினிக்காக ஏறி இறங்கினாய். நானும் சில நாள் கூட வந்தேன். நோயாளிகளுக்கு நடுவே, மருந்துக் கம்பெனிக்காரர்களின் தோல் பைகளுக்கு நடுவே காத்திருப்போம். உள்ளே போனதும், "எந்தக் கம்பெனி?" என்று கேட்பார்கள்.

"கம்பெனி இல்ல சார். ஒரு மருந்தக் குடுக்காதீங்கன்னு சொல்ல வந்தேன்."

சிலர் உட்காரச் சொல்லிக் கேட்டார்கள். சிலர், "இங்க வந்து ஒருநாள் பேஷன்ட் பாருங்கம்மா, அப்புறம் பேசலாம்" என்றார்கள். ஒருவர், "முயல் டாக்டர்தானே நீங்க?" என்று கேட்டார். வெளியே வந்து நீ பஸ் நிலையத்தில் கரும்புச் சாறு வாங்கிக் கொடுத்தாய். "அவர் கேட்டது சரிதான் அண்ணி" என்றாய். அந்தப் பழைய டாக்டர் மட்டும் தனக்குத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லி, நீ வரும்போது கூடவே வந்து நிற்பார். உன் பக்கத்தில் நின்று, "என் கையால ஆயிருக்குப்பா, கேளு" என்பார். நீ சொல்லிக் கேட்காதவர்கள் அதற்குக் கேட்டார்கள்.

உன் அண்ணனின் சிறுநீரகங்கள் முழுதாக நின்றபோது நான் முதலில் என்னுடையதைத் தருவதாகச் சொன்னேன். இரத்த வகை சேரவில்லை. "நான் இருக்கேன் இல்ல" என்று நீ பரிசோதனைக்குப் போனாய். முடிவு வந்த அன்று ஆஸ்பத்திரி வேப்ப மரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். நீ மெதுவாக நடந்து வந்து என் பக்கத்தில் நின்றாய்.

"குடுக்க முடியாது அண்ணி. எனக்கும் அதேதான்."

எனக்கு விளங்கச் சற்று நேரமாயிற்று. "உனக்குத் தெரியாதா? நீ டாக்டராச்சே?" என்றேன்.

"தெரியாமன்னு இல்ல. பாக்கல. எத்தினியோ பேருக்குப் பட்டை கட்டியிருக்கேன். எனக்குக் கட்டிக்கல."

பயமா என்று கேட்டேன். அண்ணனிடம் சொல்லிவிடாதீர்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டாய். நான் சொல்லவில்லை. ஆனால் அவர் உன் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். அன்று முழுவதும் உன் கையை விடவில்லை. அடுத்த வருஷம் பொங்கலுக்கு முன்பு அவர் போனார். கடைசி நாட்களில் அந்த ஒரு வார்த்தையும் போயிருந்தது.

நீ அதன்பின் ஆறேழு வருஷம் இருந்தாய். மாத்திரைகளும் உப்பில்லாச் சோறும் ஆய்வுக்கூடமுமாக. கைகால் வீங்கி, முகம் வெளுத்து, கடைசியில் உன்னையும் டயாலிசிஸில் படுக்க வைத்தார்கள். லீவு கிடைக்கும் நாளெல்லாம் நான் வந்து உன் கட்டிலருகே உட்காருவேன். இயந்திரம் உடம்பிலிருந்து நீரை உறிஞ்சும்போது அழுத்தம் சட்டென்று விழும். உனக்குப் பேச்சு குழறும். மற்றவர்கள் அதைக் களைப்பு என்றார்கள். நீ என்னவென்று அறிந்திருந்தாய்.

"அண்ணி, ஒவ்வொரு தடவையும் முடிஞ்சதும் என்னைக் கேளுங்க. வேலூர்லேர்ந்து ஆரணி வரைக்கும் பஸ் நிக்கற எடம் எல்லாம். வரிசையா."

முதல் மாதங்களில் தடுமாறாமல் சொன்னாய். வகுப்பில் பிள்ளைகளைக் கேட்பதுபோல நான் கேட்பேன், நீ கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிப்பாய். பிறகு ஒன்று விட்டுப்போனது. பிறகு இரண்டு. விட்டுப்போனதை நான் சொன்னால், "ஆமா, ஆமா" என்பாய். உன் கண்களில் திகில் தெரியும். ஒருநாள், இனிமேல் கேட்க மாட்டேன் என்றேன். "கேக்கணும் அண்ணி" என்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாய். உன் அண்ணனை நாற்காலியில் உட்கார வைத்த அதே பிடிவாதத்தோடு உன்னையும் உட்கார வைத்திருந்தாய். யாருக்கும் விதிவிலக்கு இல்லை உன்னிடம்.

கடைசியாக நீ தெளிவாகப் பேசிய அன்று காலையிலேயே அழுத்தம் மோசமாக விழுந்துவிட்டது. கால்களைத் தூக்கி வைத்தார்கள், உப்பு நீர் ஏற்றினார்கள். கண் விழித்து என்னைப் பார்த்து, "கேளுங்க" என்றாய்.

"கணியம்பாடிக்கு அப்புறம்?" என்றேன்.

நீ யோசித்தாய். உன் அண்ணன் வடைக்காக ஒவ்வொரு மாதமும் பஸ்ஸைக் கூட்டிய ஊர். உன் உதடுகள் அசைந்தன. வரவில்லை.

"தெரியல அண்ணி" என்றாய். சற்றுப் பொறுத்து, "ஆனா தெரியலன்னு தெரியுது. அந்த எடத்துக்கு இன்னும் ரத்தம் போவுது" என்றாய்.

அதைச் சொல்லும்போது உனக்கு ஒரு திருப்தி இருந்தது. இரண்டு நாள் கழித்து அதுவும் இல்லாமல் போயிற்று.

நீ போன பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டும். அதற்காகத்தான் இவ்வளவும். செல்வி பிளஸ் ஒன் போகிறாள். உன்னைப் போலவே கணக்கு நன்றாக வருகிறது, உன்னைப் போலவே தலையைச் சாய்த்துப் பேசுகிறாள். போன மாதம் பள்ளியிலிருந்து வந்து, "அம்மா, தலை வலிக்குது" என்றாள். அப்படியே அவளை அழைத்துக்கொண்டு போய் அழுத்தம் பார்க்க வைத்தேன். நீ அவளுக்கு ஒவ்வொரு முறை வரும்போதும் பட்டை கட்டிப் பார்ப்பாய் என்பதும், ஒன்றுமில்லை என்று சொல்லும் முன் ஒரு கணம் மூச்சை விடாமல் இருப்பாய் என்பதும் எனக்குத் தெரியும். இப்போது அந்தக் கொதிப்பு இருக்கிறது. அவளுக்கும் இருக்கிறது.

அந்தப் பழைய டாக்டர் காலமாகிவிட்டார். அவர் கிளினிக்கில் இப்போது ஒரு சின்ன வயது டாக்டரம்மா உட்காருகிறார். வெளியூர்ப் பெண். குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். "அப்பாவுக்கு, அத்தைக்கு" என்றாள் செல்வி. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "ஜாஸ்தியா இருக்கே, உடனே எறக்கணுமா?" என்று கேட்டேன்.

"ஐயோ, கூடாதும்மா. அவசரப்படக் கூடாது. பாதி மாத்திரையில ஆரம்பிக்கலாம். மெதுவாத்தான் எறக்கணும். திடீர்னு எறக்கினா மூளைக்கு ஆபத்து."

"இது யாரு சொல்லிக் குடுத்தாங்க உங்களுக்கு?"

அவருக்கு நான் கேட்டது வேடிக்கையாக இருந்தது. "எல்லாருக்கும் தெரிஞ்சதுதானேம்மா" என்றார்.

நான் உன்னைப் பற்றிச் சொல்லவில்லை. அடுத்தடுத்து ஆட்கள் காத்திருந்தார்கள். சொல்லத் தொடங்கினால் எங்கே நிறுத்துவது என்றும் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரிந்ததாக ஆவதற்கு முன்பு அந்த ஒரு விஷயம் எத்தனை காலம் ஓர் அறைக்குள்ளேயே கிடந்தது என்பதும், அங்கிருந்து இந்த ஊருக்கு அது எப்படி நடந்து வந்தது என்பதும் என்னோடு இருக்கின்றன. அவற்றை இறக்கி வைக்க இடமில்லை.

உன் அறையைக் காலி செய்தபோது அழுத்தம் பார்க்கும் உன்னுடைய பாதரசக் கருவியை என்னிடம் கொடுத்தார்கள். அதில் பார்க்கப் பழகிக்கொண்டேன். காலையில் செல்வி பாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு என் எதிரே உட்கார்ந்து கையை நீட்டுகிறாள். பட்டையைச் சுற்றி, காற்றடித்து, குழலைக் காதில் வைத்துக் கேட்கிறேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். நான் முகத்தை மாற்றாமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிட்டேன்.

இன்னும் இறங்கவில்லை. காத்திருக்கிறோம்.